டெல்லியில் வரி குறைந்தால் தருமபுரியில் கூட்டு விலை ஏன் சரிகிறது?

(பாலக்கோடு வட்டாரப் பட்டு விவசாயிகள் கூட்டத்தில் பேசியது. பேச்சு நடையை அதிகம் மாற்றாமல் அச்சிட்டிருக்கிறோம். படித்துவிட்டுப் பக்கத்து ஊர்க்காரர்களிடம் கொடுங்கள்.)



உங்களை ரொம்ப நேரம் உட்கார வைக்க மாட்டேன். நாலாவது தோலுரிப்பு முடிந்த புழு வீட்டில் இருக்கிறவர்களுக்கு இங்கே மனசு ஓடாது என்று எனக்குத் தெரியும். மொத்தத் தீனியில் முக்கால் பங்குக்கு மேல் அந்தக் கடைசி ஏழெட்டு நாளில்தானே தின்கிறது? அந்த நேரத்தில் கல்யாணத்துக்குக் கூப்பிட்டாலும் மொய்யை மட்டும் கொடுத்தனுப்புகிற ஆட்கள் நாம். அப்படியிருந்தும் வந்திருக்கிறீங்க. அதனால் நேரா விஷயத்துக்கு வருகிறேன்.

நம்ம கூட்டுக்கு விலையை யார் வைக்கிறது? சந்தையில் ஏலம் கேட்கிற நூற்பாளர்தான் வைக்கிறார் என்று நினைக்கிறோம். அவரிடம்தான் சண்டை போடுகிறோம், அவரைத்தான் திட்டுகிறோம். நானும் இருபது வருஷமா அப்படித்தான் திட்டிக்கொண்டிருந்தேன். 2011-ஆம் வருஷம்தான் எனக்குக் கண் திறந்தது.

அந்த வருஷக் கோடையில் நான் இருநூறு முட்டைத் தொகுதி வளர்த்தேன். நல்ல தழை. போர்வெல்லில் தண்ணீர் இருந்தது. ஊசி ஈ கிடையாது, பால் புழு கிடையாது, சுண்ணாம்புக்கட்டி நோய் கிடையாது. கூட்டைக் காதோரம் வைத்து ஆட்டினால் உள்ளே கட்டை மாதிரி சத்தம் வரும், அப்படி ஒரு கூடு. மூட்டை கட்டி வண்டியில் ஏற்றும்போது என் வீட்டுக்காரி, "இந்தத் தடவை சொசைட்டிக் கடனைத் தீர்த்திடலாம்" என்று சொன்னாள். சந்தைக்குப் போனால், முந்தின அறுவடைக்கு விற்ற விலையில் பாதி கூட ஏலம் ஏறவில்லை. ஏலத்தை ரத்து பண்ணிவிட்டு மறுபடி கேட்கச் சொன்னேன். இன்னும் இரண்டு ரூபாய் இறங்கியது! சாயங்காலம் வெறும் சாக்கோடு வீட்டுக்கு வந்தேன். அவள் திட்டவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "ஏங்க, தழையில குறையா, புழுவுல குறையா, நம்ம கையில குறையா?" என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

குறை எங்கே இருந்தது தெரியுமா? 2011 பிப்ரவரி 28-ஆம் தேதி டெல்லியில் பிரணாப் முகர்ஜி படித்த பட்ஜெட்டில் இருந்தது. கச்சாப்பட்டுக்கு இறக்குமதி வரி அதுவரை 30 சதவீதம். அதை ஒரே மூச்சில் 5 சதவீதமாகக் குறைத்தார்கள். பட்ஜெட் உரை எவ்வளவு நீளம்! அதில் நம்ம சமாசாரம் ஒரு வரிதான். அந்த ஒரு வரிக்குத்தான் நான் வெறும் சாக்கோடு வீட்டுக்கு வந்தது.

டெல்லியில் வரியைக் குறைத்தால் இங்கே கூட்டு விலை எப்படி விழும் என்று சில பேர் கேட்கிறாங்க. நம்ம கூட்டையா சீனாவிலிருந்து கொண்டு வருகிறார்கள் என்று கேட்கிறாங்க. கூட்டை இல்லை அய்யா, நூலைக் கொண்டு வருகிறார்கள். கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இது புரிவதற்காக நான் போடுகிற கணக்கு, சந்தை விலைப்பட்டியல் இல்லை. சீனக் கச்சாப்பட்டு ஒரு கிலோ நம்ம துறைமுகத்தில் 2,600 ரூபாய்க்கு வந்து இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்க. 30 சதவீத வரி போட்டால் 3,380 ரூபாய். 5 சதவீதம் போட்டால் 2,730 ரூபாய். கிலோவுக்கு 650 ரூபாய் வித்தியாசம். அப்போது நம்ம ஊர் நூற்பாளர் நூற்ற நூலை நெசவுக்கு வாங்குகிற வியாபாரி என்ன சொல்வான்? "எனக்கு அந்த விலைக்கே சீனப் பட்டு கிடைக்குது, நீயும் 650 குறைச்சிக்கோ" என்பான். சரி, நூற்பாளர் எதைக் குறைப்பார்? விறகு விலையைக் குறைக்க முடியுமா? கரண்ட் பில்லைக் குறைக்க முடியுமா? ஆள் கூலியைக் குறைத்தால் மறுநாள் ஆள் வருமா? அவரால் குறைக்க முடிந்தது ஒன்றே ஒன்றுதான், நம்ம கூட்டு விலை.

நல்ல வெண்பட்டுக் கூடு என்றால் ஏறத்தாழ ஆறரைக் கிலோ கூட்டுக்கு ஒரு கிலோ கச்சாப்பட்டு கிடைக்கும். அந்த 650 ரூபாயை ஆறரையால் வகுத்தால் கிலோ கூட்டுக்கு 100 ரூபாய் அடி. இருநூறு முட்டைத் தொகுதிக்கு 140 கிலோ கூடு எடுத்த விவசாயிக்கு ஒரே அறுவடையில் 14,000 ரூபாய் போச்சு. வருஷத்துக்கு ஐந்து அறுவடை எடுக்கிறவருக்கு எவ்வளவு என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்க. சந்தை இப்படி அளவுகோல் வைத்தாற்போல நடக்காது, கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ஆனா அடி எந்தத் தலையில் விழும் என்பதில் மாற்றம் இல்லை.

மஞ்சள் விலை விழுந்தால் என்ன பண்ணுகிறோம்? அரூர், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் மஞ்சள் போடுகிறவர்களைக் கேளுங்க. வேக வைத்து, காய வைத்து, மூட்டை கட்டி வைத்துவிட்டு விலைக்குக் காத்திருப்பார்கள். ராகியைக் குதிரில் கொட்டி வைக்கலாம். புளியைக் கொட்டை எடுத்துத் தட்டி அடுத்த வருஷம் வரைக்கும் வைத்திருக்கலாம். கூட்டை என்ன பண்ணுவது? அதற்குள்ளே உயிர் இருக்கிறது. அறுத்து ஒரு வாரம் பத்து நாள் விட்டால் அந்துப்பூச்சி கூட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். துளை விழுந்த கூடு நூற்புக்கு ஆகாது, கழிவு விலைதான். அதுவரைக்கும்கூட ஒவ்வொரு நாளும் எடை இறங்கிக்கொண்டே போகும். இது வாங்குகிறவருக்கும் தெரியும். "இன்னிக்கு இல்லைன்னா நாளைக்கு நீ இங்கதானே வரணும்" என்று அவர் வாயால் சொல்ல வேண்டியதில்லை, முகமே சொல்லும். சீனப் பட்டோ பெட்டியில் மாசக் கணக்கில் கிடக்கும். கிடங்கில் தூங்குகிற சரக்கோடு, கையில் துடிக்கிற சரக்கைப் போட்டிக்கு விடுகிறார்கள். இது என்ன போட்டி?

இந்த வரியின் கதை 2011-இல் ஆரம்பித்ததில்லை. 1995-இல் உலக வர்த்தக நிறுவனம் வந்தது. அதில் விவசாய ஒப்பந்தம் என்று ஒன்று இருக்கிறது. எந்தெந்தப் பொருள் விவசாயப் பொருள் என்று அதன் இணைப்பில் பட்டியல் போட்டிருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் பட்டுக்கூடும் கச்சாப்பட்டும் இருக்கின்றன! நெய்த துணிதான் அதில் கிடையாது. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நாம் மனு கொண்டு போனால் "இது ஜவுளித்துறை சமாசாரம், நெசவாளர் சமாசாரம்" என்று நம்மைத் திருப்பி அனுப்புகிற அதிகாரிகள் உண்டு. இல்லை அய்யா, கச்சாப்பட்டு விவசாயிப் பொருள்தான் என்று உலகமே கையெழுத்துப் போட்டிருக்கிறது என்று நாம் சொல்லலாம்.

2001 ஏப்ரலில், அதுவரை பாக்கியிருந்த இறக்குமதி அளவுக் கட்டுப்பாடுகளை எல்லாம் இந்தியா நீக்கியது. அதே வருஷம் டிசம்பரில் சீனா உலக வர்த்தக நிறுவனத்தில் சேர்ந்தது. சீனப் பட்டு அதற்கு முன்னாலும் வந்துகொண்டுதான் இருந்தது, ஆனால் இப்போது வெள்ளமாக வந்தது. அடக்க விலைக்கும் கீழே கொட்டுகிறார்கள் என்று இங்கே பட்டுத் தொழிலில் இருந்தவர்கள் வழக்காடினார்கள். விசாரித்துப் பார்த்துவிட்டு 2003-இல் சீனக் கச்சாப்பட்டில் 2ஏ தரமும் அதற்குக் கீழே உள்ள தரமும் எதுவோ, அதற்குக் குவிப்புத் தடுப்பு வரி போட்டார்கள். ஒரு அடிப்படை விலையை வைத்து, அதற்குக் கீழே எவ்வளவு மலிவாக வந்து இறங்குகிறதோ அந்த வித்தியாசத்தை வரியாக வாங்கினார்கள். ஒழுங்கான ஏற்பாடுதான். ஆனாலும் 2000-களில் பல வருஷங்கள் 8,000 டன் அளவுக்கு வெளிநாட்டுக் கச்சாப்பட்டு வந்தது. அப்போது நம்ம நாட்டின் மொத்த உற்பத்தியே, எல்லா வகைப் பட்டும் சேர்த்து, 16,000-லிருந்து 18,000 டன்தான். இங்கே இரண்டு கிலோ விளைந்தால் வெளியிலிருந்து ஒரு கிலோ வந்தது என்று அர்த்தம்.

அதன்பிறகுதான் நான் சொன்ன 2011. கர்நாடகத்தில் ராமநகரம் பக்கம் விவசாயிகள் சாலைக்கே வந்துவிட்டார்கள். ஆசியாவிலேயே பெரிய பட்டுக்கூட்டுச் சந்தை அது. நம்ம பக்கத்திலிருந்தும் எத்தனையோ பேர் கூட்டை அங்கே ஏற்றிக்கொண்டு போகிறோம். அங்கே தும்மினால் இங்கே சளி பிடிக்கும். இரண்டு வருஷம் கூச்சல் போட்ட பிறகு, 2013 பிப்ரவரி பட்ஜெட்டில் ப. சிதம்பரம் வரியை 5-லிருந்து 15 ஆக்கினார். பிறகு அது 10-க்கு இறங்கியது. 2021 பிப்ரவரி 1-ஆம் தேதி பட்ஜெட்டில் நிர்மலா சீதாராமன் 10-லிருந்து மறுபடியும் 15 ஆக்கினார். 30, 5, 15, 10, 15! பத்து வருஷத்துக்குள் இத்தனை தடவை. மல்பெரி நட்டால் பதினைந்து வருஷம் நிலத்தில் நிற்கிற செடி. புழு வளர்ப்பு மனை கட்டினால் நம்ம காலத்துக்கும் பிள்ளைகள் காலத்துக்கும் நிற்கிற கட்டடம். பதினைந்து வருஷப் பயிரை நம்பச் சொல்லிவிட்டு, பருவத்துக்கு ஒரு வரி வைத்தால் எவன் நம்புவான்?

இதில் கட்சி பார்த்துப் பேச ஒன்றும் இல்லை. குறைத்தவரும் ஏற்றியவரும் ஒரே ஆட்சியில் இருந்தவர்கள்தான். அடுத்து வந்த ஆட்சியில் ஏற்றினார்கள், அதற்கு நன்றி. நாளைக்குக் குறைக்க மாட்டார்கள் என்று யாரும் எழுதிக் கொடுத்திருக்கிறார்களா? சீனாவும் சேர்ந்திருந்த ஆர்செப் என்கிற பெரிய வர்த்தக ஒப்பந்தத்தில் சேருவதற்கு நம்ம அரசு வருஷக் கணக்கில் பேச்சுவார்த்தை நடத்தியது. நாடு முழுக்க விவசாயிகள் எதிர்த்தார்கள். கடைசியில் 2019 நவம்பர் 4-ஆம் தேதி பாங்காக்கில் சேர மாட்டோம் என்று சொல்லிவிட்டு வந்தார்கள். அதில் முதல் குரல் கொடுத்தது பால் மாடு வைத்திருக்கிறவர்கள். அவர்கள் சத்தம் போட்டார்கள், நமக்கும் சேர்த்துப் பலன் கிடைத்தது. நாம் அப்போது எங்கே இருந்தோம் என்று கேட்டால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

இப்போ ஒரு கசப்பான விஷயம். 2011-இல் வரியைக் குறைக்கச் சொல்லிக் கேட்டது யார்? சீனாக்காரனா? இல்லை. பட்டு நூல் விலை தாறுமாறாக ஏறிவிட்டது, எங்களால் தறி ஓட்ட முடியவில்லை என்று நெசவாளர்கள்தான் கேட்டார்கள். பொய் சொல்லவில்லை அவர்கள். ஆரணிப் பக்கத்து நெசவாளர் ஒருத்தரை ரயிலில் பார்த்துப் பேசிக்கொண்டு வந்தேன். நான் பட்டு விவசாயி என்றதும், "உங்களாலதான்பா எங்க பொழப்பு போச்சு. நீங்க கூட்டு விலையை ஏத்திட்டீங்க, நூல் விலை ஏறிப்போச்சு, முதலாளி பாவு குடுக்கறதை நிறுத்திட்டாரு" என்று சொன்னார். "அண்ணா, எங்களுக்கு விலை விழுந்த வருஷம் உங்களுக்குக் கூலி ஏறுச்சா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அதே கூலிதான்" என்றார். புடவை விலையாவது குறைந்ததா என்று கேட்டேன். சிரித்துவிட்டார்.

இதுதான் உள்குத்து. நூல் விலை ஏறினால் நெசவாளி தறி நிற்கிறது. நூல் விலை இறங்கினால் நம்ம வீட்டு அடுப்பு நிற்கிறது. இரண்டு பேரையும் மோத விட்டுவிட்டு நடுவில் இறக்குமதி பண்ணுகிறவனும், வாங்கிப் பதுக்குகிறவனும் லாபம் பார்க்கிறான். ஏற்றுமதித் துணிக்கு என்று சொல்லி வரியே இல்லாமல் பட்டு இறக்குவதற்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. அந்தச் சரக்கில் ஒரு பகுதி துணியாகி வெளிநாடு போகாமல் உள்ளூர்ச் சந்தையிலேயே கசிகிறது என்று நூற்பாளர்கள் ரொம்பக் காலமாகப் புகார் சொல்கிறார்கள். அதனால் நெசவாளரை எதிர்த்து நம்ம சங்க மேடையில் யாரும் பேசக்கூடாது என்பது என் வேண்டுகோள். காஞ்சிபுரத்துப் புடவை இல்லாமல் நம்ம கூட்டை வைத்து என்ன பண்ணப்போகிறோம்?

அதே மாதிரி சீனத்து விவசாயியைத் திட்டுவதாலும் பிரயோஜனம் இல்லை. அவனும் நம்மைப் போல ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர்காரன்தான். ஆனால் அவனுடைய அரசாங்கம் என்ன பண்ணியது என்று பாருங்க. கடலோர மாநிலங்களில் தொழிற்சாலை பெருகி நிலமும் ஆளும் விலை ஏறியதும், பட்டுத் தொழிலைத் திட்டம் போட்டு மேற்கே, குவாங்சி மாதிரியான மாநிலங்களுக்கு நகர்த்தினார்கள். விவசாயியை அப்படியே விட்டுவிட்டுச் சந்தை பார்த்துக்கொள்ளும் என்று உட்காரவில்லை. குவாங்சி சீனாவிலேயே அதிகம் கூடு விளைகிற மாநிலம் ஆகிவிட்டது. இங்கே? பெங்களூரில் ஆள் கூலி ஏறினால் நம்ம பையன்கள் பஸ் ஏறிப் போகிறார்கள். தழை வெட்ட ஆள் இல்லாமல் மல்பெரியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு மரவள்ளி நடுகிறோம். திட்டம் போட்டு நகர்த்த யாரும் இல்லை, நாமளாகவே நகர்ந்து போகிறோம்.

நம்ம பக்கத்துக் குறையையும் ஒத்துக்கொள்ள வேண்டும். சீன நூல் ஒரே சீராக வருகிறது, மெஷினில் அறுபடாமல் ஓடுகிறது என்று நெசவுக்காரர்கள் சொன்னால் அது முழுக்கப் பொய்யில்லை. மைசூர் ஆராய்ச்சி நிலையத்து வி-1 மல்பெரியும், வெண்பட்டு இரகங்களும் வந்த பிறகு நம்ம கூடு எவ்வளவோ தேறியிருக்கிறது. தமிழ்நாட்டு வெண்பட்டுக் கூட்டுக்குச் சந்தையில் தனி மரியாதை உண்டு. நாட்டு உற்பத்தி 2023-24-இல் 38,000 டன்னைத் தாண்டிவிட்டது, இருபது வருஷத்துக்கு முந்தியதைவிட இரண்டு மடங்கு. இறக்குமதி 2020-21-இல் 2,000 டன்னுக்குள் வந்துவிட்டது. நாம் உழைத்து, நம்ம தரத்தால் சீனப் பட்டைப் பின்னால் தள்ளியிருக்கிறோம்! இதை ஏன் எந்த மேடையிலும் சொல்வதில்லை? ஆனால் கூட்டு விலை நன்றாக ஏறியதும் என்ன ஆனது? 2022-23-இல் இறக்குமதி மறுபடி 3,800 டன்னைத் தாண்டியது. விலை நமக்கு நாலு மாசம் நன்றாக இருந்தால் போதும், கப்பல் கிளம்பிவிடுகிறது. அதனால்தான் ஏறிய விலையைப் பார்த்துக் கடன் வாங்கி இரண்டாவது மனை கட்டப் போகிற தம்பிகளுக்குச் சொல்கிறேன், கொஞ்சம் பொறுத்துக் கட்டுங்க.

சரி, என்ன கேட்கலாம்? எல்லாத்தையும் அடை, சீனப் பட்டே வேண்டாம் என்று கேட்கலாம். கைதட்டு வரும், காரியம் ஆகாது. நான் நடக்கக்கூடியதைச் சொல்கிறேன்.

மிளகு விவசாயிகளைப் பாருங்க. இலங்கையோடு 1998-இல் கையெழுத்தாகி 2000 மார்ச்சில் அமலுக்கு வந்த தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் இருக்கிறது. அதைப் பயன்படுத்திக்கொண்டு மலிவு மிளகு இலங்கை வழியாக வந்து இறங்கியது. அதில் வியட்நாம் மிளகையே இலங்கை மிளகு என்று சொல்லி இறக்குகிறார்கள் என்று குடகு, கேரள விவசாயிகள் கூப்பாடு போட்டார்கள். ஒப்பந்தத்தைக் கிழிக்கச் சொல்லியா நின்றார்கள்? குறைந்தபட்ச இறக்குமதி விலை வை என்று விடாமல் கேட்டார்கள். 2017 டிசம்பரில் கிலோ 500 ரூபாய் என்று வைத்தார்கள். 2018 மார்ச்சில் அந்த விலைக்குக் கீழே மிளகு இறக்கவே தடை போட்டார்கள். கொட்டைப்பாக்குக்கும் அப்படித்தான், 2023 பிப்ரவரியில் கிலோ 351 ரூபாய் என்று உயர்த்தினார்கள். மிளகுக்கு முடியும், பாக்குக்கு முடியும், பட்டுக்கு மட்டும் முடியாதா? கச்சாப்பட்டுக்கு ஒரு குறைந்தபட்ச இறக்குமதி விலை வைக்க வேண்டும். அந்த விலையை வைக்கும்போது, நம்ம சாகுபடிச் செலவையும் நெசவாளர் தாங்கக்கூடிய நூல் விலையையும் ஒரே மேசையில் வைத்துக் கணக்குப் போட வேண்டும். பெங்களூரில் இருக்கிற மத்திய பட்டு வாரியம் 1948-ஆம் வருஷச் சட்டத்தில் அமைந்தது. இந்தக் கணக்கைப் போடுவதற்குத்தானே அந்த வாரியம்?

வரியைக் குறைப்பதாக இருந்தால், பட்ஜெட் அன்றைக்குத் திடீரென்று அறிவிக்காமல் விவசாயிகளையும் கேட்ட பிறகு செய்ய வேண்டும். வரியில்லாமல் இறக்கும் பட்டு எங்கே போகிறது என்று கணக்குப் பார்க்க வேண்டும். மத்திய அரசு குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கிற 22 பயிரில் பட்டுக்கூடு இல்லை. அதனால் வெளிநாட்டுச் சரக்கால் விலை விழுகிற மாதத்தில் கிலோவுக்கு இவ்வளவு என்று ஈடுகட்டுகிற நிதி ஒன்று வேண்டும். பட்டு இறக்குமதியில் வசூலாகிற வரியிலிருந்தே அதை எடுக்கலாம், புதுப் பணம் யாரும் தர வேண்டாம்.

எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று. டெல்லி வரைக்கும் போக வேண்டியதில்லை, சேலத்தில் இருக்கிற பட்டு வளர்ச்சித் துறை இயக்குநர் அலுவலகம் வரை போனால் போதும். கூட்டைச் சூட்டுக் காற்றில் உலர்த்திவிட்டால் உள்ளே இருக்கிற கூட்டுப்புழு செத்துவிடும், கூடு துளைபடாது, மாதக்கணக்கில் வைத்து விற்கலாம். இது ஒன்றும் ராக்கெட் வித்தை இல்லை, நூற்பாலைக்காரர்கள் தினமும் செய்கிற வேலை. அவர்கள் வாங்கிய பிறகு செய்வதை, நாம் விற்பதற்கு முன்னால் செய்யக் கூடாதா? சந்தை வளாகத்தில் விவசாயிகளுக்கென்று ஒரு உலர்த்தும் கூடம், பக்கத்தில் ஈரம் ஏறாத, எலி புகாத ஒரு கிடங்கு. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் மஞ்சளை வைத்துவிட்டுப் பொருளீட்டுக் கடன் வாங்குகிறோம் இல்லையா? அதே மாதிரி உலர்ந்த கூட்டின் பேரில் பாதிப் பணமாவது அன்றைக்கே கையில் கொடுங்கள். மீதிக்கு நாங்கள் ஒரு மாசம் காத்திருக்கிறோம். அப்படி ஒரு வசதி 2011-இல் இருந்திருந்தால் நான் அன்றைக்கு ஏலத்திலிருந்து கூட்டைத் திருப்பி எடுத்திருப்பேன். விலை முழுக்கக் கிடைத்திருக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனா "நாளைக்கு நீ இங்கதானே வரணும்" என்கிற அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்திருக்காது.

இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. உலர்த்தினால் கூடு எடையில் பாதிக்கு மேல் போய்விடும். பச்சைக் கூட்டு விலையில் உலர்ந்த கூட்டை விற்றால் நாம் ஓட்டாண்டி. உலர்ந்த கூட்டுக்குத் தனி ஏலம், தனித் தரப் பரிசோதனை, தனி விலை வேண்டும். இல்லாவிட்டால் வேண்டாம். அதிகாரிகளோடு பேசப் போகிறவர்கள் இதை மறந்துவிட்டுக் கட்டடத்துக்கு மட்டும் தலையாட்டிவிட்டு வந்துவிடாதீங்க. கட்டடம் கட்டுவதில் எல்லாருக்கும் ஆர்வம் உண்டு, காண்ட்ராக்ட் இருக்கிறதே!

கடைசியாக ஒரு வேலை கொடுக்கப் போகிறேன். மிளகு விவசாயிகள் டெல்லிக்குப் போனபோது வெறும் கோஷத்தோடு போகவில்லை, விலைக் கணக்கோடு போனார்கள். நம்மகிட்ட என்ன இருக்கிறது? சந்தையில் கொடுக்கிற ஏலச் சீட்டை வெற்றிலை மடிக்கவும், அடுப்புப் பற்ற வைக்கவும் போட்டுவிடுகிறோம். இனிமேல் போடாதீங்க. வீட்டில் ஒரு கம்பியில் குத்தி வையுங்கள். அதன் பின்பக்கத்தில் எத்தனை முட்டைத் தொகுதி, முட்டை விலை என்ன, இளம்புழு விலை என்ன, தழைக்கு உரம் எவ்வளவு, ஆள் கூலி எவ்வளவு என்று எழுதுங்கள். வீட்டு ஆளுக்கும் கூலி போடுங்கள், வீட்டம்மா விடியற்காலையில் எழுந்து வெட்டுகிற தழைக்குக் கூலி இல்லை என்று யார் சொன்னது? எழுதத் தெரியாதவர்கள் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையிடம் சொல்லி எழுத வையுங்கள். ஒரு ஊருக்குப் பத்து வீட்டுச் சீட்டு இருந்தாலே போதும், மாவட்டத்துக்கே கணக்கு எடுத்துவிடலாம். அந்தக் கணக்கோடுதான் கலெக்டர் குறைதீர் கூட்டத்துக்கும், சேலத்துக்கும், நம்ம எம்.பி. வீட்டுக்கும் போகப் போகிறோம். அடுத்த பட்ஜெட்டுக்கு முன்னால் போக வேண்டும், படித்து முடித்த பிறகு இல்லை.

அடுத்த கூட்டம் இதே இடத்தில். தேதியைச் செயலாளர் சொல்வார். வரும்போது இரண்டு அறுவடைச் சீட்டாவது கொண்டு வாங்க. கர்நாடகச் சந்தையில் விற்றவர்கள் அந்தச் சீட்டையும் கொண்டு வாங்க, கன்னடத்தில் இருந்தாலும் பரவாயில்லை, படித்துச் சொல்ல ஆள் இருக்கிறார்கள். நாலாவது தோலுரிப்பில் புழு வைத்திருக்கிறவர்கள் வர வேண்டாம், சீட்டை மட்டும் பக்கத்து வீட்டாரிடம் கொடுத்து அனுப்புங்கள்.